செசிலி அண்ணியும் சிகரெட் அட்டைப் புனிதையும்

சேவியர் ஃபோன் செய்தபோது நான் சாப்பாட்டு மேசையைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டிருந்தேன்.

"அத்தை, அம்மா போயிட்டாங்க" என்றான்.

காலையில் எழுந்து, தானே காபி போட்டுக்கொண்டு, டம்ளரும் கையுமாக கேட் வரை நடந்தவர், கேட்டைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாராம். பால்காரர் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. "காபியைக் குடித்தாரா?" என்று கேட்டேன்.

"பாதிதானுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு அவன் அழ ஆரம்பித்தான். ஃபாதருக்குச் சொல்லிவிட்டாயா, சவப்பெட்டிக்கு ஏற்பாடு ஆயிற்றா என்று வரிசையாகக் கேட்டு அவன் அழுகையை நிறுத்தினேன். ஃபோனை வைத்த பிறகு மேசையை மீதித் தூரமும் தள்ளினேன். மறுநாள் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். இன்று அது ஜன்னலருகில் இருக்கிறது.

ஆத்தூர்க் கோவில் பங்கிலும் சேலத்திலும் செசிலி அண்ணியை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அவருடைய தம்பி மனைவி ரெஜினா. ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்களில் பலர் என்னிடம் படித்தவர்கள், சிலர் திட்டு வாங்கியவர்கள். அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தைகள் நாலைந்து சொல்லி முடித்துவிடலாம். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக அவர் எத்தனை பிரசவம் பார்த்தார், ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளிகளுக்காக எப்படி ஓடினார் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்கு எழுத வேண்டியிருப்பது வேறு. அதை எழுதாவிட்டால் அவருடைய முப்பதாம் நாள் பூசையில் தரப்போகும் நினைவு அட்டை உங்களுக்குப் புரியாது.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். சேவியர் மறுபடியும் கூப்பிட்டான். அண்ணியின் மகன். திருச்செங்கோட்டில் போர்வெல் தோண்டும் ரிக் வண்டிகள் வைத்திருக்கிறான். அவனுக்கே பேரன் பிறந்தாயிற்று. ஆனாலும் என்னிடம் பேசும்போது இன்னும் கைகட்டி நிற்கிற குரல்தான்.

"அத்தை, நினைவு அட்டையில ஒரு பக்கம் அம்மா ஃபோட்டோ போடறேனுங்க. இன்னொரு பக்கம் அம்மா கும்பிட்ட புனிதை. அந்தப் பேர மட்டும் சொல்லிட்டீங்கன்னா பிரஸ்காரர்கிட்டக் குடுத்துருவேன். ஒரு சின்ன ஜெபமும் எழுதிக் குடுங்க."

"எந்தப் புனிதை?"

"நம்ம ஜெபக்காரம்மா தானுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன். ஜெபமாலையை எடுத்தால் எந்த மணியில் இருக்கிறேன் என்பது மறந்துபோகிறது. புனிதையின் பெயர் எனக்குத் தெரியும். செசிலி அண்ணிக்கும் தெரியும். உயிரோடிருப்பவர்களில் இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் கல்யாணமாகி வந்த வீடு சேலத்தில் ரயில்வே லைனை ஒட்டி இருந்தது. மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்தவர். கூடத்துப் பீடத்தில் இருதய ஆண்டவர், ஆரோக்கிய மாதா, அந்தோணியார் எல்லோரும் பெரிய பெரிய படங்களாக இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சிறு படம், பித்தளைச் சட்டத்துக்குள். வெள்ளை முக்காடு போட்ட ஒரு பெண் இரு கைகளையும் மார்பில் சேர்த்து, கண்களை மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். என் மாமியார் அவளை "ஜெபக்காரம்மா" என்பார். மற்றவர்களுக்கு ஒரு மெழுகுவர்த்தி என்றால் அவளுக்கு இரண்டு. பக்கத்து வீட்டு லாரி டிரைவரின் மனைவி, இந்துவான பழனியம்மாள்கூட, வண்டி லோடு ஏற்றிக் கிளம்பும் நாளில் வந்து நிற்பாள். "ஏனுங்கம்மா, அந்தச் சின்னச் சாமிக்கு ஒரு திரி ஏத்திக்கறனுங்க. வண்டி பம்பாய் போவுது" என்பாள்.

நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். புனிதர்களை அடையாளத்தை வைத்துக் கண்டுபிடிக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கையில் சக்கரம் இருந்தால் இன்னார், ரோஜா இருந்தால் இன்னார், தட்டில் கண்கள் இருந்தால் இன்னார். ஜெபக்காரம்மாவிடம் எந்த அடையாளமும் இல்லை. மாறாக, முக்காட்டுக்குக் கீழே முத்துமாலையின் ஓரம் தெரிந்தது. புருவங்கள் மெல்லிசாகத் திருத்தப்பட்டு, அதன் மேல் மை தீட்டியிருந்தது. நான் பார்த்த எந்தக் கன்னியாஸ்திரியும் புருவத்துக்கு மை தீட்டியதில்லை. புதுப் பெண்ணாக இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் ஜெபத்தில் என் கண் அந்தப் புருவத்துக்கே போகும்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்பு வெள்ளையடிக்கப் பீடத்தைக் காலி செய்தபோது அந்தப் படம் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. சட்டத்தின் ஆணிகளைக் கழற்றி அட்டையை வெளியே எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலம். மிஸ் மேபல் தார்ன்லி. எந்த நாடகத்தில் எந்த வேடம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு சிகரெட் கம்பெனியின் பெயர். இந்த வரிசைப் படங்களை ஒட்டிவைக்க ஆல்பம் வேண்டுவோர் புகையிலைக் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று கடைசியில் ஒரு குறிப்பு.

நிமிர்ந்தால் வாசற்படியில் செசிலி அண்ணி. விடுமுறைக்கு ஆத்தூரிலிருந்து வந்திருந்தார். கையில் வாளியும் தென்னைமட்டை பிரஷ்ஷும். அவரால் வெள்ளையடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

"படிச்சிட்டியா?" என்றார்.

"அண்ணி, இது நாடகக்காரி படம்."

"மெதுவாப் பேசு. அவளுக்குக் காது கேட்கும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"வெச்சதே நான்தானேடி."

வாளியைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னார். அந்தக் காலத்தில் சிகரெட் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு தடித்த அட்டை வைப்பார்களாம். அதில் படங்கள் அச்சடித்திருக்கும். கிரிக்கெட்காரர்கள், பறவைகள், நாடக நடிகைகள். மாமனார் வெள்ளைக்கார ரயில் கார்டுகளிடமிருந்து நடிகைகளை மட்டும் கேட்டு வாங்கிச் சேர்த்தார். மாமியார் அவற்றைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். நாடகம் பார்ப்பது பற்றிக் கோவிலில் ஒரு கடுமையான பிரசங்கம் கேட்டுவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, அத்தனையையும் அள்ளி வெந்நீர் அடுப்பில் போட்டார். சிறுமியாக இருந்த அண்ணி கையில் அகப்பட்டதைப் பறித்துக்கொண்டு ஓடினார். ஒளித்துவைக்க இடமில்லை. அம்மாவின் ஜெபப் புத்தகத்தில் புனிதர் படங்கள் நிறைய இருந்தன. அளவும் ஒன்றுதான். அவற்றோடு சொருகிவிட்டார். மறுநாள் எடுத்துவிட்டார், ஆனால் ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது.

"அடுத்த வாரமே உன் புருஷனுக்கு விஷக்காய்ச்சல். பிழைக்காதுன்னு சொல்லிட்டாங்க. அம்மா ஜெபப் புத்தகத்தைத் திறந்தாங்க, இவ மடியில விழுந்தா. அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. பார்த்திருந்தாத்தானே அடையாளம் தெரியும்? மறுநாள் காய்ச்சல் எறங்கிருச்சு. உன் தாலிக்கு இவளுக்குத்தான் நீ நன்றி சொல்லணும், டீச்சரம்மா."

"மாமாவுக்குத் தெரியாதா?"

"அப்பாவா? பார்த்த உடனே தெரிஞ்சிருச்சு. அதுவரைக்கும் சாயங்கால ஜெபத்துக்கு அவர் வந்ததே கெடையாது. அன்னிக்கிருந்து ஒரு நாள்கூடத் தவறலை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பீடத்தில் பொய்யை வைக்கக் கூடாது என்றேன். அண்ணி சமையலறைப் பக்கம் கை காட்டினார்.

"போய்ச் சொல்லு. அம்மா அங்கதான் இருக்காங்க. நான் எங்கயும் ஓடமாட்டேன்."

போனேன். மாமியார் அதிரசத்துக்கு வெல்லப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல், "ஜெபக்காரம்மாவை ஈரமில்லாத எடத்துல வெச்சியாம்மா?" என்று கேட்டார். கண்ணாடி உடைந்துவிட்டது, புதிதாகப் போட வேண்டும் என்று சொன்னேன். அது உண்மைதான். கண்ணாடி உடைந்துதான் இருந்தது.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். அவர் போய்ப் பல வருடங்களாகின்றன. வங்கியில் இருந்தவர், எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பவர். சற்று யோசித்துவிட்டு, "நல்ல நடிகையா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குடும்பமே அப்படி.

மீந்த அட்டைகளை அண்ணி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். ஆத்தூருக்குப் போகும்போதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவற்றை மேசையில் பரப்புவோம். விசிறியோடு ஒருத்தி, போர்வீரன் வேடத்தில் ஒருத்தி, தோளளவு அகலமான இறகுத் தொப்பியோடு ஒருத்தி. பின்பக்கத்து ஆங்கிலத்தை நான் படித்துச் சொல்ல வேண்டும். உச்சரிப்பில் நான் திருத்தினால் வேண்டுமென்றே இன்னும் மோசமாகச் சொல்வார். அண்ணிக்கு அவர்களுடைய பெயரைவிட நிற்கும் விதம்தான் முக்கியம். "பாரு ரெஜி, நம்ம வீட்டு ஃபோட்டோவுல பொம்பளைங்க எல்லாம் புருஷன் தோளுக்குப் பின்னாடி பாதி மூஞ்சியோட நிப்போம். இவ தனியா நிக்கிறா. கால் ரெண்டும் தரையில இருக்கு" என்பார். சொல்லிக்கொண்டே எழுந்து அதேபோல் நின்று காட்டுவார். உட்கார்ந்த இடத்தில் ஐந்து நிமிடம் இருந்தால் அது அவருக்கு உடம்பு சரியில்லாத நாள்.

அந்த அட்டைகள் எங்கே கொண்டுபோய் விட்டன என்பது ஆத்தூரில் வயதானவர்களுக்கு நினைவிருக்கலாம். தவக்காலத்தில் சிலுவைப்பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகத்தில் அப்போதெல்லாம் பெண் வேடங்களை ஆண்கள்தான் போட்டார்கள். இயேசுவின் முகத்தைத் துடைக்கும் வெரோனிக்காவாக வருடாவருடம் வந்தவர் ஒரு அரிசி ஆலைக் கணக்குப்பிள்ளை. மீசையை எடுக்க மாட்டார். முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொள்வார். ஒரு வருடம் ஒத்திகை நடக்கும் இடத்துக்கு அண்ணி நேராகப் போய், "ஃபாதர், வெரோனிக்கா பொம்பளைதானே?" என்று கேட்டார். ஊரில் பேச்சு கிளம்பியது. அண்ணியின் கணவர் இரண்டு நாள் பேசவில்லை. ஆஸ்பத்திரி சிஸ்டர்கள் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான் தினம் ஆம்பளைங்க ரத்தத்தைத் துடைக்கிறேன், அங்க மட்டும் கூடாதா?" என்றாராம். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

நாடகத்தன்று நானும் மாமியாரும் பாயில் முன்வரிசையில் இருந்தோம். சிலுவை ஊர்வலம் வந்தது. கூட்டத்திலிருந்து அண்ணி வெளியே வந்தார். ஓடவில்லை, அழவில்லை. துணியை ஒற்றி எடுத்து மார்பில் சேர்த்துக்கொண்டு, கண்களை மேலே தூக்கினார். அவ்வளவு நேரம் கடலை விற்றுக்கொண்டிருந்தவன் சத்தம்கூட நின்றுபோயிற்று. எங்கிருந்து எடுத்தார் என்று எனக்குத் தெரியும். கண்ணாடி முன்னால் எத்தனை நாள் பழகியிருப்பார் என்றும் தெரியும். மாமியார் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நம்ம ஜெபக்காரம்மா மாதிரியே நிக்கிறாடி எம்மவ" என்று அழுதார்.

மேடைக்குப் பின்னால் போய் அண்ணியிடம் இதைச் சொன்னேன். முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டே, "மேபல்கிட்ட சொல்லிர்றேன்" என்றார்.

மாமியார் இறந்த பிறகு அந்தப் படத்தை அண்ணி ஆத்தூருக்குக் கொண்டுபோய்விட்டார். இனியாவது பீடத்திலிருந்து எடுத்துவிடலாமே என்றேன். பதில் சொல்லவில்லை. எனக்குக் கோபம்தான். நான் அவரோடு சண்டை போடாத வருடம் கிடையாது. பதில் வந்தது பல வருடங்கள் கழித்து, ஒரு கல்லறைத் திருநாளில்.

அன்று நானும் ஆத்தூர்க் கோவிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மரித்தவர்களுக்கான பூசையில், குடும்பங்கள் கொடுத்த பெயர்களை ஃபாதர் வாசிப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். சூசை, அருளப்பன், ஞானம்மாள் என்று வாசித்துக்கொண்டே வந்தவர், "மேபல்" என்றார். நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். அண்ணியின் முழங்கை என் விலாவில் இறங்கியது.

"முன்னாடி பாரு" என்றார், உதடு அசையாமல்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அண்ணி, இது என்ன கூத்து?"

"எத்தனை வருஷமா அவகிட்டக் கேக்கறோம்? காய்ச்சல் போகணும், வண்டி பத்திரமா வரணும், பரீட்சை பாஸாகணும். அவ பாவம் எந்த ஊர்ல செத்தாளோ. அவளுக்குன்னு கேக்க யாராவது இருந்தாங்களோ என்னவோ. நீதான் மடத்துல படிச்சவ, சொல்லு. புனிதர்கிட்ட நாம கேக்கணும். செத்தவங்களுக்காக நாம கேக்கணும். அதுதானே சட்டம்? நான் ரெண்டையும் பண்றேன். எந்தப் பக்கம் சரியோ அதைக் கடவுள் எடுத்துக்கட்டும்."

"எப்போதிலிருந்து பெயர் கொடுக்கிறீர்கள்?"

"நர்ஸா சம்பளம் வாங்கின மொத வருஷத்துல இருந்து. யாரும்மா மேபல்னு ஒரு ஃபாதர் கேட்டாரு. எங்க வீட்டுல ரொம்ப நாள் இருந்தவங்கன்னு சொன்னேன். பொய்யா?"

நான் இலக்கணப் பிழையைக்கூட விடாதவள். அந்தப் பதிலில் எனக்குத் திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை.

இவையெல்லாம் தெரிந்த நான் சேவியருக்கு என்ன சொல்வது? ஏதாவது ஒரு புனிதையின் பெயரைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. யாரும் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் அண்ணி ஒருபோதும் அவளுக்கு வேறு பெயர் வைத்ததில்லை. உண்மையைச் சொன்னால், தன் அம்மா எல்லோரையும் ஏமாற்றினாள் என்று அவன் நினைத்துவிட்டால்? அட்டைக்கான வாசகத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் ஆத்தூருக்கு பஸ் ஏறிவிட்டேன். வாழப்பாடி தாண்டுவதற்குள் மூன்று இருக்கை மாறினேன். கண்டக்டர், "பாட்டிம்மா, எறங்கற எடம் வரைக்குமாவது ஒரு எடத்துல உக்காருங்க" என்றார்.

அண்ணியின் வீட்டுப் பீடத்துக்கு முன்னால் நின்று, பூசை வரை அங்கேயே தங்கியிருந்த சேவியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பித்தளைச் சட்டத்தைக் கழற்றி அட்டையின் பின்பக்கத்தையும் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தான். முகம் சிவந்துபோயிற்று.

"அத்தை, இந்தப் படத்தப் பெருசு பண்ணி நம்ம ரிக் வண்டி அத்தனைலயும் ஒட்டியிருக்கேனுங்க. போர் போடறதுக்கு முன்னால பசங்க இவங்களக் கும்பிட்டுட்டுத்தான் மிசின ஓட்டறாங்க."

"தெரியும்."

"மோகனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துல எல்லாரும் கைவிட்ட எடமுங்க. இவங்களக் கும்பிட்டுட்டு ஓட்டினோம். தண்ணி வந்துச்சுங்களே."

"வந்தது."

"அம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே அத்தை."

கல்லறைத் திருநாள் பூசையைப் பற்றிச் சொன்னேன். மேபல் என்ற பெயரைச் சின்ன வயதிலிருந்தே கோவிலில் கேட்டிருப்பதாகச் சொன்னான். அது அம்மாவோடு வேலை பார்த்துச் செத்துப்போன நர்ஸ் என்று நினைத்திருந்தானாம். அப்புறம் அட்டையைச் சட்டத்துக்குள் வைத்து ஆணிகளை அவனே அடித்தான். பீடத்தில், இருந்த இடத்திலேயே வைத்தான். வைத்துவிட்டு ஒரு சிலுவை போட்டுக்கொண்டான். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

"எழுதுங்க அத்தை. உள்ளதையே எழுதுங்க. பங்குல கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நாலு பேர் சிரிப்பாங்க. சிரிக்கட்டும், அம்மாவுக்கும் அதுதான புடிக்கும்."

பிஸ்கட் டின்னை என் கையில் கொடுத்து அனுப்பினான். அண்ணி எனக்கென்று சொல்லிவைத்திருந்தாராம். இந்த வரியை எழுதும்போதும் அது மேசையில் இருக்கிறது. அரை மணிக்கு ஒரு முறை திறந்து மூடுகிறேன்.

அட்டை இப்போது அச்சில் இருக்கிறது. ஒரு பக்கம் அண்ணி. இத்தகைய அட்டைகளில் "இறைவனில் இளைப்பாறுகிறார்" என்று போடுவது வழக்கம். நான் அதை அடித்துவிட்டேன். அண்ணி இளைப்பாறி நான் பார்த்ததில்லை, இனியும் நம்பப் போவதில்லை. மறுபக்கம் ஜெபக்காரம்மா. அதன் கீழே, "மிஸ் மேபல் தார்ன்லி, நாடக நடிகை. செசிலியின் வீட்டில் நெடுங்காலம் இருந்தவர். இவ்விருவருக்காகவும் ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லவும்."

பிரஸ்காரர் நேற்றுக் கூப்பிட்டார். "டீச்சரம்மா, பேருக்கு முன்னால ‘புனித’ங்கறது விட்டுப்போச்சுங்க. சேத்துக்கட்டுங்களா?"

"விட்டுப்போகவில்லை" என்றேன். "அப்படியே அடியுங்கள்."

அண்ணியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த டின் அல்ல. அதை ஒரு நாள் சேவியரின் மகளுக்குக் கொடுத்துவிடுவேன், அவளுக்குத் தனியாக நிற்கத் தெரியும். வருகிற கல்லறைத் திருநாளில் ஆத்தூர்க் கோவிலில் பெயர் கொடுக்கும் மேசைக்கு நான் போவேன். செசிலி என்று சொல்வேன். அதற்குப் பிறகு மேபல் என்று சொல்வேன். ஃபாதர் வாசிக்கும்போது பக்கத்தில் யாராவது திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தால், என்னிடம் ஒரு முழங்கை இருக்கிறது.